பாட்டி சொன்னது சாட்சியாகாதா?

சயாம் மரண இரயிலைப் பற்றிப் பேச்சு வந்தால், நம்மில் படித்தவர்கள் உடனே புத்தகத்தைத் தேடுகிறார்கள். புத்தகம் இருக்கிறது, மறுக்கவில்லை. எழுதியவர் யார்? பெரும்பாலும் வெள்ளைக்காரப் போர்க் கைதிகள். 1942-43இல் அந்த 415 கிலோமீட்டர் பாதையில் உழைத்த கைதிகள் சுமார் 60,000 பேர். மாண்டவர் 12,000க்கு மேல். காஞ்சனபுரியில் அவர்களுக்குக் கல்லறை உண்டு. கல்லில் பெயரும் உண்டு. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமான ஆசியத் தொழிலாளிகளும் அங்கே வதைபட்டார்கள். பெரட்டுக்குப் போன இடத்தில் லாரியில் ஏற்றப்பட்ட நம் தோட்டத்துத் தமிழனும் அவர்களில் ஒருவன். அவர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கே ஆளுக்கு ஆள் மாறுகிறது. அவன் நாட்குறிப்பு எழுதவில்லை. பிழைத்து வந்தவன் லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னான். அதுதான் நம் ஏடு.

"கிழவர்களுக்கு வருஷமே குழம்பிப் போகிறதே, இது சரித்திரமாகுமா?" என்று கேட்கும் கிராணிமார்களுக்கு ஒரு சேதி. இத்தாலியில் தெர்னி என்று ஓர் எஃகு ஆலை ஊர். 1949இல் நேட்டோ ஒப்பந்தத்தை எதிர்த்து நடந்த கிளர்ச்சியில் லூயிஜி திரஸ்துல்லி என்ற இளந்தொழிலாளி போலீசாரால் கொல்லப்பட்டான். பிற்காலத்தில் அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லி என்ற ஆராய்ச்சியாளர் அங்கே போய் விசாரித்தார். பலரும், அவன் 1953இல் ஆலையில் பெரும் ஆட்குறைப்பு நடந்தபோது செத்தான் என்றே சொன்னார்கள். வருஷம் தவறுதான். போர்த்தெல்லி அதைத் தள்ளிவிடவில்லை. ஏன் அப்படி மாறியது என்று பார்த்தார். தங்கள் சோற்றில் மண் விழுந்த நாளோடு அந்தச் சாவை அவர்கள் சேர்த்து வைத்திருந்தார்கள். வருஷத்தை ஏட்டில் சரிபார்க்கலாம். அந்த மனத்தை எந்த ஏட்டில் பார்ப்பது?

சிங்கப்பூரில் 1979லேயே அரசாங்கம் வாய்மொழி வரலாற்றுக்கென ஒரு பிரிவை அமைத்தது. நாமோ இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். சயாமுக்குப் போய் மீண்டவர்கள் ஏறக்குறைய எல்லோரும் போய்விட்டார்கள். தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறி, லயத்து ஜனங்கள் சிதறிவிட்டார்கள். அன்று சிறு பிள்ளைகளாக இருந்தவர்களுக்கே இன்று தொண்ணூறு வயது ஆகிறது.

அவர்களிடம் போக முறை தெரிய வேண்டும். அப்பாவை இழுத்துப் போனது கண்ணால் கண்டது. சயாமில் நடந்தது காதால் கேட்டது. இரண்டையும் கலக்காமல் குறித்துக்கொள்ள வேண்டும். "ஜப்பான்காரன் அடித்தானா பாட்டி?" என்றால், "ஆமாய்யா" என்றுதான் பதில் வரும். "அப்பாவைக் கொண்டுபோன அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். நம் இளைஞர்களுக்கு இந்த இரண்டாவது காரியம்தான் கஷ்டம்! அவள் பேச்சைச் செந்தமிழாக்கித் திருத்தவும் வேண்டாம்.

இன்னொன்று: நாம் ஆண்களையே தேடிப் போகிறோம். புருஷன் போனபின் மரவள்ளிக்கிழங்கை அவித்துப் பிள்ளைகளைக் காப்பாற்றிய தாய்மாரின் கதையை அவர்கள் பெண்மக்களிடம் யார் கேட்டோம்?

கையிலிருக்கும் கைப்பேசியே பதிவுக்குப் போதும். முதலில் சம்மதம் கேட்க வேண்டும். "இது வெளியே வேண்டாம்" என்றால் அதை விட்டுவிட வேண்டும். பதிவின் ஒரு பிரதியை அந்த வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கேட்டு எழுதிக்கொண்டு போய், பிறகு தலைகாட்டாத ஆட்களை அவர்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள்.