பிள்ளைக்குச் சோறா? பயமா?

நமது பத்திரிகையில் போய், இரண்டு வயதுக் குழந்தைக்கு இராத்திரிச் சோறூட்டுவதைப் பற்றி எழுதுவதா என்று சிலர் கேட்கக்கூடும். சாமியையும் ஜாதியையும் பற்றிப் பேசவேண்டிய இடத்தில் சோற்றுக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைக்கின்றானே என்று சிரிக்கவும் கூடும். சிரிப்பவர்கள் தயவுசெய்து இன்று இராத்திரி எட்டு மணிக்குத் தங்கள் தெருவில் ஒரு நடை நடந்துவிட்டு வந்து பிறகு சிரிக்கட்டும். சாமியும் ஜாதியும் மனிதனுடைய மூளைக்குள் முதன்முதலில் எந்த வழியாய் நுழைகின்றன என்பதை அங்கே காதாலேயே கேட்டுக்கொள்ளலாம். கோவிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போவதற்கு வெகு நாளைக்கு முன்னமேயே அவை ஒரு கவளம் சோற்றோடு சேர்ந்து வாய் வழியாகவே உள்ளே போய்விடுகின்றன.

ஒரு வீட்டுத் திண்ணையில், "சாப்பிடாவிட்டால் சாமி கண்ணைக் குத்தும்" என்கின்றார்கள். அடுத்த வீட்டில், "அதோ பூச்சாண்டி வருகின்றான்" என்கின்றார்கள். அதற்கடுத்த வீட்டில், "ஊசிமணி விற்கிறவளிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன், சாக்கிலே போட்டுக்கொண்டு போய்விடுவாள்" என்கின்றார்கள். அந்த ஊசிமணி விற்கின்ற பெண் யார்? தன் இடுப்பிலும் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வெய்யிலில் தெருத் தெருவாய் அலைந்து வயிறு வளர்க்கின்ற ஒரு ஏழைத் தாய். அவள் எந்தப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனாள்? அவளுக்கு நாம் செய்த உபகாரம் என்னவென்றால், நம் பிள்ளைக்கு "அம்மா" என்று நன்றாய்ச் சொல்லவராத வயதிலேயே, அவளைக் கண்டால் அலறவேண்டும் என்று கற்றுக்கொடுத்ததுதான். பிறகு இருபது வயதில் அந்தப் பிள்ளை அவளைத் திண்ணையில் உட்காரவிடமாட்டேன் என்றால், "எங்கே கற்றானோ" என்று ஆச்சரியப்படுகின்றோம்.

ஊரைச் சொல்லிவிட்டு நம்மை மறைத்துக்கொள்வது யோக்கியமல்ல. நாமும் இந்தக் குற்றத்தைச் செய்தவர்தாம். நமக்குச் சற்றுத் தாமதித்துப் பிறந்த இளைய பெண்ணுக்கு இப்போது இரண்டரை வயது. சென்ற வருஷம் ஒரு நாள் வெளியூரில் ஒன்றரை மணி நேரம், பேயுமில்லை பிசாசுமில்லை என்று தொண்டை வறளப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தோம். குழந்தை ஒரு வாய் கூடச் சாப்பிடவில்லை என்று வீட்டில் அழாத குறையாய்ச் சொன்னார்கள். உடனே நாம் பெரிய சாமர்த்தியசாலி போலக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, "அதோ பார், ஜன்னலில் பூச்சாண்டி!" என்றோம். குழந்தை பயந்து வாயைத் திறந்து அழுதது. திறந்த வாயில் சோற்றை வைத்து அழுத்தினோம். பக்கத்தில் பாடம் எழுதிக்கொண்டிருந்த நமது மூத்த பையன், ஒன்பது வயதுக்காரன், தலையை நிமிர்த்தி, "பூச்சாண்டி கிடையாதுன்னு நீங்கதானே அப்பா சொன்னீங்க?" என்று கேட்டான்.

அவனுக்குப் பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. அழுகின்ற குழந்தை மூச்சை இழுக்கும்போது அந்தச் சோறு மூச்சுக்குழலின் பக்கம் போய்விட்டது. சத்தம் நின்றது. உதடு கறுத்தது. முன்புறமாய்க் குனியவைத்து முதுகில் பலமாய்த் தட்டினோம். நாலாவது தட்டிலோ ஐந்தாவது தட்டிலோ சோறு வெளியே வந்து குழந்தை வீறிட்டது. அந்த அழுகையைப் போல இனிமையான சங்கீதத்தை நாம் இதுவரை கேட்டதில்லை. சாமி காப்பாற்றிற்று என்று நமது தாயார் சொன்னார்கள். நம்மிடமிருந்து காப்பாற்றவேண்டியிருந்தது என்பதை மட்டும் நாம் ஒப்புக்கொண்டோம்.

நிற்க, இதற்குப் பிறகு நடந்தது இன்னொரு வேடிக்கை. நாம் ஊரில் இல்லாத சமயம் பார்த்து, "நீ ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணு; பிள்ளை எலும்பாய்ப் போய்க்கொண்டிருக்கிறது" என்று முன்பே சொல்லிவைத்திருந்த நமது தாயார், குழந்தையைத் தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தொக்கம் எடுப்பதாவது, சாப்பிடாத குழந்தைக்கு ஏதோ தின்பண்டம் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கின்றதென்று சொல்லி, ஒரு குழலை வயிற்றின்மேல் வைத்து உறிஞ்சி, தன் வாயிலிருந்து எதையாவது துப்பிக் காட்டுவது. நமது பெண்ணின் வயிற்றிலிருந்து ஒரு முறுக்குத் துண்டு வந்ததாம்! நம் வீட்டில் முறுக்கு வாங்கி மூன்று மாதமாகின்றது. மூன்று மாதம் வயிற்றுக்குள் ஊறிய முறுக்கு, முறுகல் கூட மாறாமல் வெளியே வந்ததென்றால் அது வயிறா, டப்பாவா? நாம் விழுங்குகின்ற உணவு சில மணி நேரத்தில் இரைப்பையைவிட்டுக் குடலுக்குப் போய்விடுகின்றது. தோலின்மேல் குழலை வைத்து உறிஞ்சினால் தோல் சிவக்குமே ஒழிய, உள்ளிருக்கும் பண்டம் தோலைத் துளைத்துக்கொண்டு வருவதற்கு வழியேது? துண்டு வந்தது குழந்தையின் வயிற்றிலிருந்தல்ல, எடுத்தவரின் கன்னத்துக்குள்ளிருந்து.

"ஆனாலும் மறுநாள் சாப்பிட்டாளே!" என்று தாயார் கேட்டார்கள். இந்தக் கேள்விதான் முக்கியமானது. தாயத்து, மந்திரித்த கயிறு, உப்பு மிளகாய் சுற்றிப் போடுவது ஆகிய எல்லாவற்றுக்கும் இந்த ஒரு கேள்வியே மூலதனம். குழந்தையின் பசி ஒரே அளவாய் நிற்பதல்ல. இரண்டு நாள் கொறிக்கும். மூன்றாம் நாள் வாரித் தின்னும். நாம் எப்போது தொக்கக்காரரிடம் ஓடுகின்றோம்? அடியோடு தின்னாத இரண்டாம் நாள் ஓடுகின்றோம். மூன்றாம் நாள் தானாய் வரவேண்டிய பசிக்கு அவர் நூறு ரூபாய் வாங்கிக்கொள்ளுகின்றார். விடியப்போகின்ற நேரத்தில் கூவிவிட்டு, விடிந்ததற்குக் கூலி கேட்கின்ற சேவலை யாராவது கண்டதுண்டா?

சரி, பிள்ளை ஏன்தான் சாப்பிடுவதில்லை? பிறக்கும்போது ஏறக்குறைய 3 கிலோ இருக்கின்ற குழந்தை, ஒரு வருஷத்தில் 9 கிலோவாகின்றது. அதாவது ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு. அடுத்த வருஷம் முழுவதிலும் அது ஏறுவது 2 அல்லது இரண்டரை கிலோதான். வளர்ச்சியின் வேகம் குறைந்தால் பசியும் குறையத்தானே செய்யும்? வீடு கட்டுகின்றபோது வண்டி வண்டியாய் வந்த செங்கல், கட்டி முடிந்தபின்னும் அதேபோல் வரவேண்டுமென்று யாராவது அழுவார்களா? நாம் மட்டும் குழந்தையின் வயிற்றை அதனுடைய உடம்பைக்கொண்டு அளக்காமல், நமது கிண்ணத்தைக்கொண்டு அளக்கின்றோம்.

அன்றியும் இந்த வயதில்தான் குழந்தைகள் புதிய பண்டத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பத் தொடங்குகின்றன. நடக்கத் தொடங்கி, கண்ட செடியையும் காயையும் பிடுங்கி வாயில் வைக்கக்கூடிய காலத்தில், அறியாததை விழுங்காதிருப்பது உயிருக்குப் பாதுகாப்பு என்பதால் வந்த குணம் இது என்று ஆராய்ச்சிக்காரர்கள் கருதுகின்றார்கள். தெரியாத வஸ்துவைச் சோதித்துப் பார்க்காமல் விழுங்கமாட்டேன் என்கின்ற குழந்தையைப் பார்த்தால் நமக்கு ஒருவகையில் சந்தோஷமாகவே இருக்கின்றது. வளர்ந்தவர்களுக்கும் இந்தப் புத்தி பாதியாவது மிச்சமிருந்தால் நமக்குப் பிரசார வேலையே குறைந்துபோகும். 1982-ல் அமெரிக்காவில் லீஆன் பர்ச் என்ற பெண் ஆராய்ச்சியாளர் இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புதிய பண்டங்களைச் சிறிது சிறிதாய்ப் பலமுறை ருசிபார்க்கக் கொடுத்துப் பார்த்தார். எதை அதிகத் தடவை ருசித்தார்களோ அதையே அதிகம் விரும்பினார்கள். நாமோ கீரையை இரண்டு தடவை வைத்துவிட்டு, "இவளுக்குக் கீரை ஆகாது" என்று ஜாதகம் எழுதிவிடுகின்றோம். பத்துத் தடவை, பதினைந்து தடவை ஒரு விரற்கடை வைக்கட்டும். வேண்டாமென்றால் பேசாமல் எடுத்துவிடட்டும்.

இன்னொரு சங்கதி. 1926-ல் அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற ஒரு பெண் வைத்தியர், தாய்ப்பால் மறந்த குழந்தைகளைக் கொண்டு ஒரு சோதனை தொடங்கினார். 30-க்கு மேற்பட்ட பண்டங்களில் பலவற்றை வேளைக்குவேளை தட்டில் வைப்பது. குழந்தை எதைக் காட்டுகின்றதோ அதைமட்டும் தாதி கரண்டியில் எடுத்துக் கொடுப்பது. "இதைத் தின்னு" என்று சொல்லவும் கூடாது, தின்றால் மெச்சவும் கூடாது. 1939-ல் 15 குழந்தைகளைப் பற்றிய முடிவை வெளியிட்டார். ஒரு நாள் தின்றதுக்கும் மறுநாள் தின்றதுக்கும் ஒற்றுமையே இல்லை. ஆனால் எல்லாக் குழந்தைகளும் நன்றாய் வளர்ந்தன. அப்படியானால் மிட்டாய்க்கடையில் விட்டுவிடலாமா என்று கேட்டுவிடாதீர்கள். அந்தத் தட்டில் சர்க்கரையும் இல்லை, மிட்டாயும் இல்லை. சூட்சுமமே அதில்தான் இருக்கின்றதென்று அந்த அம்மையாரே சொன்னார். எது வீட்டுக்குள் வரவேண்டும், எப்போது இலை போடவேண்டும் என்பது பெரியவர்கள் பொறுப்பு; எவ்வளவு உள்ளே போகவேண்டும் என்பது குழந்தையின் பாத்தியதை. நாம் இதை அப்படியே தலைகீழாக்கி வைத்திருக்கின்றோம். ஐந்து மணிக்குப் பிஸ்கோத்து, ஆறு மணிக்குப் பொட்டலத்து மொறுமொறுப்பு, ஏழு மணிக்கு ஒரு தம்ளர் பால் ஆகியவற்றைக் கேட்டபோதெல்லாம் கொடுத்துவிட்டு, எட்டு மணிக்குச் சோற்றைக் கொண்டுவந்து, "பசியே இல்லையே, யார் கண் பட்டதோ" என்றால் பிஸ்கோத்துக் கம்பெனிக்காரன் கண்தான் பட்டது!

பாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு வயதுக்குமேல் நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் மாட்டுப்பால் போனால் வயிறு அதிலேயே நிரம்பிவிடும். பாலில் இரும்புச்சத்து மிகச் சொற்பம். இந்தியாவில் 2019-21-ல் சர்க்கார் எடுத்த குடும்ப நலக் கணக்குப்படி, ஆறு மாதத்துக்குமேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 67 பேருக்கு இரத்தசோகை. இரத்தசோகை வந்தால் அதனாலேயே பசி மந்தமாகும். "சோறு தின்னாவிட்டாலும் பாலாவது குடிக்கிறதே" என்ற ஆறுதல் இப்படித்தான் சுற்றிவந்து கழுத்தைப் பிடிக்கின்றது.

இப்போது பூச்சாண்டிக்குப் பதிலாய்க் கைப்பேசி வந்திருக்கின்றது. நாகரிகமான பூச்சாண்டி. அது பயமுறுத்துவதில்லை, மயக்குகின்றது, அவ்வளவுதான் வித்தியாசம். கண் படத்தில் இருக்க, வாய் தானாய்த் திறந்து மூட, என்ன தின்றோம், வயிறு நிறைந்ததா என்று குழந்தைக்கே தெரிவதில்லை.

இவ்வளவு சொன்னபிறகு, "அப்படியானால் தாய்மார்கள்தான் பிசகு செய்கின்றார்கள்" என்று ஆண்மக்கள் தலையாட்டுவார்கள். அவர்களுக்குத்தான் முக்கியமாய் எழுதுகின்றோம். ஆண்பிள்ளை முதலில் உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டுத் திண்ணைக்குப் போய்விடுகின்றான். பிறகு பெண்பிள்ளை கிண்ணத்தோடு குழந்தையின் பின்னே ஒரு மணி நேரம் ஓடுகின்றாள். பிறகு மிச்சத்தை, ஆறிப்போனதை, தான் தின்கின்றாள். குழந்தை மெலிந்திருந்தால், "பிள்ளைக்குச் சோறூட்டத் துப்பில்லாதவள்" என்ற பட்டமும் அவளுக்கே. அந்தப் பட்டத்துக்குப் பயந்துதானே அவள் பூச்சாண்டியைக் கூப்பிடுகின்றாள்? பிறர் உண்பதைப் பார்த்துத்தான் குழந்தை உண்ணக் கற்கின்றது. அது பார்க்கும்படி யார் அதனோடு உட்கார்ந்து உண்கின்றார்கள்? எல்லோரும் ஒன்றாய் உட்காரட்டும். குழந்தைக்கும் ஒரு தட்டு வைக்கட்டும். அதன் கையாலேயே பிசைந்து, பாதி சிந்தி, பாதி தின்னட்டும். அரை மணியில் எழுந்தால் தட்டை எடுத்துவிடட்டும். சிந்தியதைத் துடைக்கின்ற வேலையை ஆண்பிள்ளை செய்தால் குடி முழுகிவிடாது.

மேலே சொன்னதெல்லாம் உண்ண இருந்தும் உண்ணாத குழந்தைக்கு. வீட்டில் உலை ஏறாததால் தின்னாத குழந்தையின் சங்கதி வேறு. அதற்குத் தாயைக் கேட்பதில் பிரயோசனமில்லை, சர்க்காரையும் சமூகத்தையும் கேட்கவேண்டும். எடை ஏறாமல் நிற்கின்ற அல்லது இறங்குகின்ற குழந்தை, விழுங்கும்போது வலியால் அழுகின்ற குழந்தை, அடிக்கடி வாந்தி எடுக்கின்ற குழந்தை, வெளுத்துப்போய் மண் தின்கின்ற குழந்தை, இரண்டு மூன்று பண்டங்களைத் தவிர எதையும் தொடாத குழந்தை ஆகியவர்களை வைத்தியரிடம்தான் கொண்டுபோகவேண்டும். காசையோ பொத்தான் போன்ற மின்கலத்தையோ விழுங்கியிருக்கலாமென்று சந்தேகம் வந்தால் ஒரு நிமிஷங்கூடத் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். அந்த நேரத்தில் குழலை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தால் உயிர் போய்விடும். மற்றபடி குழந்தை போதுமான அளவு தின்கின்றதா என்பதற்குச் சாட்சி, கிண்ணத்தில் மிஞ்சிய சோறல்ல; அங்கன்வாடியில் இருக்கின்ற தராசும், அங்கே எழுதுகின்ற வளர்ச்சி அட்டையும்தான். அதற்குக் காணிக்கை வேண்டியதில்லை.

நம் வீட்டில் பூச்சாண்டி போய் ஏழு மாதமாகின்றது. நேற்றிரவு நமது பெண் அரை இட்லியும், அண்ணன் தட்டிலிருந்து பிடுங்கிய ஒரு துண்டு முட்டையும் தின்றுவிட்டு, "போதும்" என்று கையைத் தூக்கிக் காட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள். நமது தாயார் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். சென்ற மாதம் எடை 11 கிலோ 800 கிராம். வருகிற வாரம் மறுபடி நிறுக்கப் போகின்றோம். தராசைப் பார்க்கத் தாயாரையும் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கின்றோம்.