சாந்தி ஏன் வீட்டை விட்டுப் போனாள்?

"பாலும் பழமும்" படம் 1961-ம் ஆண்டில் வெளிவந்தது. பீம்சிங் டைரக்ட் செய்தார். சிவாஜி கணேசனும் சரோஜாதேவியும் நடித்தார்கள். 100 நாட்களுக்கு மேல் ஓடிய வெற்றிப் படம். அதன் பாட்டுகளை இன்றும் முணுமுணுக்காத வீடு இல்லை.

ஆனால், எனக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை!

சரோஜாதேவியின் நடிப்பில் குறையா? இல்லவே இல்லை. அவர் சிரித்தால் நாம் சிரிக்கிறோம். அவர் அழுதால் நாம் அழுகிறோம். 2025 ஜூலையில் அவர் காலமானபோது, சொந்த வீட்டில் ஒருவரை இழந்ததுபோல் தாய்மார்கள் வருந்தினார்கள். குறை கதையில்தான் இருக்கிறது.

கதை என்ன?

டாக்டர் ரவி, புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்க ஆராய்ச்சி செய்கிறார். நர்ஸ் சாந்தி அவருக்குத் துணை. இருவருக்கும் திருமணம் நடக்கிறது. பிறகு சாந்தியைக் காசநோய் பிடிக்கிறது. அந்தக் காலத்தில் இதை சயரோகம் என்பார்கள், இப்போது டி.பி. என்கிறோம்.

ரவி ஆராய்ச்சியை விட்டுவிட்டு, மனைவியின் பக்கத்திலேயே இருக்கிறார். "என்னால் இவர் வேலை கெடுகிறதே" என்று வருந்தும் சாந்தி, வீட்டை விட்டே போய்விடுகிறாள். அவள் இறந்துவிட்டதாக நினைத்து ரவி மறுமணம் செய்துகொள்கிறார்.

கணவன் டாக்டர். மனைவி நர்ஸ். இருவரும் படித்தவர்கள். இருந்தும் நோயாளிக்கு அந்த வீட்டில் இடம் இல்லை! நோய் வந்த மனைவி கணவனுக்குப் பாரம், விலகிப் போகிறவளே உத்தமி என்று படம் சொல்கிறது. சரோஜாதேவி அல்லவா நடிக்கிறார்? அவர் கண்ணீரில் நாமும் கரைந்து, அதுதான் சரி என்று நம்பிவிடுகிறோம்.

சென்னையில் நடந்த ஆராய்ச்சி

உண்மை என்ன தெரியுமா? படம் வருவதற்கு முன்பே காசநோய்க்கு நல்ல மருந்துகள் வந்துவிட்டன. சென்னையில் 1956-ல் காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. ஏழை நோயாளிகளில் ஒரு பிரிவினரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மற்றொரு பிரிவினர் தங்கள் வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள். நோயாளி வீட்டில் இருந்ததால், குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகப் பரவவும் இல்லை!

இந்த முடிவு 1959-ல் வெளியாயிற்று. உலக நாடுகள் பலவும் சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டன. அதற்கு இரண்டு வருஷம் கழித்து, அதே சென்னையில் எடுத்த படத்தில் சாந்தி வீட்டை விட்டுப் போகிறாள்!

"சினிமாதானே, இதற்கு இவ்வளவு பேச்சா?" என்று கேட்கலாம்.

கடலூர் தேவனாம்பட்டினத்தில், கூடையில் மீன் சுமந்து விற்கும் ஒரு தாய்க்கு இந்த நோய் வந்ததாக வைத்துக்கொள்வோம். அவள் என்ன செய்வாள்? இருமலை மறைப்பாள். "தெரிந்தால் மீன் வாங்க மாட்டார்களே, மகளுக்கு வரன் வராதே" என்று பயப்படுவாள். மறைக்க மறைக்க நோய் முற்றும். வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றும். வீட்டை விட்டுப் போகிற சாந்தியை உத்தமி என்று அவளுக்குக் காட்டினால், மறைக்கத்தான் தோன்றும்.

அவளுக்குச் சொல்ல வேண்டியது வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். சாதாரணக் காசநோய்க்கு 6 மாதம் விடாமல் மருந்து சாப்பிட்டால் போதும். சத்தான உணவுக்காக மாதம் 1,000 ரூபாய் அரசு உதவியும் உண்டு.

படத்தைப் பாருங்கள். சரோஜாதேவியின் நடிப்பை ரசியுங்கள். ஆனால், சாந்தி வாசற்படி தாண்டும்போது, பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "இவள் போக வேண்டியதில்லை. வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டிருக்கலாம்!"