மூலப் படத்தை அழிக்காதீர்கள்

கையடக்க எக்ஸ்ரே கருவியும் சி.ஏ.டி. மென்பொருளும் காசநோய் முகாம்களில் நிலைபெற்றுவிட்டன. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் மார்புப் படத்தை மனிதருக்குப் பதில் மென்பொருளே படிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச்சில் பரிந்துரைத்தது. 2024 டிசம்பர் 7 அன்று 347 மாவட்டங்களில் தொடங்கிய 100 நாள் காசநோய் ஒழிப்பு இயக்கம் அடுத்த ஆண்டே நாடெங்கும் விரிந்தது. இதழ் இதை வரவேற்கிறது. 2019–21 தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில் எக்ஸ்ரே எடுக்காமல் இருந்திருந்தால் 42.6 சதவீத நோயாளிகள் கண்ணில் படாமலே போயிருப்பார்கள்.

நம் கவலை வேறு. டிடெக்டர் பதிந்த மூலப் படம் நம் திரைக்கு வருவதில்லை. தயாரிப்பாளரின் ப்ரீசெட் பதப்படுத்திய படமே வருகிறது. எட்ஜ் என்ஹான்ஸ்மென்ட் கூடினால் இயல்பான ரத்தக்குழாய்க் கோடுகள் ரெட்டிகுலர் நிழலாகத் தெரியும். விளிம்பை ஒட்டி விழும் கருங்கோடு நியூமோதொராக்ஸோ என மயக்கும். குறைந்த டோஸ் படத்தில் இரைச்சலை அடக்கப்போய் மிலியரி புள்ளிகளும் கரையலாம்.

காசநோயில் இந்தப் பிழையைத் திருத்தச் சளிப் பரிசோதனை இருக்கிறது. சிலிகோசிஸுக்கு அப்படி ஒன்றும் இல்லை. மேலூர், கீழவளவுப் பக்கம் கிரானைட் குவாரியில் உழைத்தவருக்குப் பணி வரலாறும் மார்புப் படமும்தான் சாட்சி. ஐ.எல்.ஓ. வகைப்பாட்டில் 'p' நிழல் 1.5 மி.மீ.க்கு மேற்படாதது; 0/1, 1/0 என்ற எல்லைக்கோட்டில்தான் இழப்பீட்டு வாதம் தொங்குகிறது. ஃபில்டர் அந்த நிழலைக் கரைத்தால் நோயே இல்லை என்பார்கள். மிகைப்படுத்தினால், அது மென்பொருள் வரைந்த நிழல் என்று முதலாளி தரப்பு வாதாடும். இரண்டிலும் தோற்பவர் தொழிலாளி. மென்பொருள் தரும் காசநோய் மதிப்பெண் குறைவு என்று திருப்பி அனுப்பப்பட்டால் அவர் மீண்டும் அதே தூசிக்குத்தான் போவார். மதிப்பெண் கூடினாலோ, சிலிகோசிஸ் நிழலுக்குக் காசநோய் மருந்து விழுங்குவார்.

கதிர் அளவுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இருக்கிறது. மென்பொருளும் 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவிகள் விதிகளுக்குள் வந்துவிட்டது. ஆனால் முகாமில் எடுத்த படத்தை எந்த ப்ரீசெட் எவ்வளவு மாற்றியது என்று யார் கேட்கிறார்கள்? எத்தனை கருவி, எத்தனை பேருக்குப் படம் என்ற எண்ணிக்கைகளே மேடையேறுகின்றன. முகாம் படிவத்தில் பணி வரலாற்றுக்கு ஒரு வரி கேட்டு இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதியாயிற்று. கல்லுடைப்பவரின் நுரையீரலுக்கு ஒரு வரி ஒதுக்கக்கூட மனம் வராத நிர்வாகம், அதே நுரையீரலைக் கணக்கில் காட்டி இலக்கை எட்டியதாகச் சொல்வது நியாயமா?

கொள்முதல் ஒப்பந்தத்தில் மூன்று நிபந்தனைகள் வேண்டும். பதப்படுத்தாத 'ஃபார் ப்ராசஸிங்' படம் தானாக அழியாமல் சேமிக்கப்பட வேண்டும். ப்ரீசெட், மென்பொருள் பதிப்பு இரண்டும் டைகாம் தலைப்பில் பதிவாக வேண்டும். தூசித் தொழிலில் இருப்பவரின் படத்தை, மதிப்பெண் எதுவானாலும், மருத்துவர் ஒருவர் பார்த்தே தீர வேண்டும்.

அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். குவாரித் தொழிலாளி எனத் தெரிந்தால் ரேடியோகிராஃபர் மூலப் படத்தையும் சேர்த்து அனுப்பட்டும். அறிக்கை எழுதுபவர் ப்ரீசெட்டின் பெயரையும் அதில் குறிக்கட்டும். பல ஆண்டு கழித்து வழக்கு வந்தாலும் அந்தப் படம் சாட்சி சொல்லும் நிலையில் இருக்க வேண்டும்.