மாத்திரை கொடுத்தாச்சு, மனுசியை யார் பார்க்கிறது?

தோட்டத்தில் படித்த பிள்ளையாக இருந்தால் ஒரு வேலை தானாகவே வந்து சேரும். சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. "தம்பி, ஒனக்குச் சிங்களம் தெரியும்தானே, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட வாறியா?" என்று அந்தி நேரத்தில் யாராவது வந்து வாசலில் நிற்பார்கள். பூண்டுலோயா, றம்பொடை, தவலந்தென்னை என்று கொத்மலைப் பக்கத்தில் இருக்கிற எங்களில் இந்த வேலையைப் பார்க்காதவர் யாரும் இல்லை. நம்பர் எடுப்போம், வரிசையில் நிற்போம், டாக்டர் சொன்னதைத் தமிழில் சொல்வோம், மருந்து வாங்குகிற இடத்தில் கொப்பியை நீட்டுவோம், பின்னேரம் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்துவிடுவோம். நல்ல காரியம் செய்தோம் என்ற சந்தோசத்தில் தூங்குவோம்.

அந்தச் சந்தோசத்தைக் கொஞ்சம் கெடுக்கத்தான் இதை எழுதுகிறோம். நாங்கள் இலவசமாகச் செய்வது, அரசாங்கம் சம்பளம் கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலை. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, படிப்பு இருக்கிறது, நூறு வருசத்துக்கு மேற்பட்ட வரலாறும் இருக்கிறது. சமூகப் பணியாளர் என்று பெயர். டாக்டருக்கும் தாதிக்கும் மிட்வைஃபுக்கும் பக்கத்தில் உட்கார வேண்டிய ஆள். எங்கள் மலைகளுக்கு வருகிற சுகாதாரக் குழுவில் அந்த ஆளை நாங்கள் பார்த்ததே இல்லை.

எங்கள் லயத்து அத்தை ஒருவரின் கதையைக் கேளுங்கள். சீனி வருத்தக்காரர். நாலு மாசம் கிளினிக் போகவில்லை. கால் விரலில் புண் ஆறாமல் போய்த்தான் மறுபடியும் போனார். 'மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை' என்று கொப்பியில் எழுதி, நன்றாக ஏசியும் அனுப்பினார்கள். எழுதியது பொய் இல்லை. ஆனால் ஏன் எடுக்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. கிளினிக் நாள் வேலை நாள். போனால் அன்றைக்குப் பேர் விழாது. 2024 செப்டம்பரில் கூட்டின பிறகும் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாகத்தான் இருந்தது. அதையும் விட்டுவிட்டு ஓட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் காசு தேட வேண்டும். மகள் கொழும்பில் வேலைக்கு, பேரப்பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. அஸ்வெசும கிடைக்கவில்லை, மேன்முறையீட்டை எங்கே கொடுப்பது என்றும் தெரியாது. 'மாச்சாப்பாட்டைக் குறையுங்க' என்றார்கள். வீட்டில் இருப்பதே கோதுமை மா ரொட்டிதான். இதில் ஒன்றுகூட கொப்பியில் இல்லை. கடைசியில் விரலை எடுத்தார்கள்.

இலங்கையின் பொதுச் சுகாதாரம் என்றால் உலகமே மெச்சும். 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்தது அது. சுகாதார வைத்திய அதிகாரி, பி.எச்.ஐ, வீடு வீடாக வருகிற மிட்வைஃப் அம்மா என்ற அந்தக் குழுவுக்கு நாங்களும் கடன்பட்டவர்கள்தான். ஆனால் அந்தக் குழு தோட்டத்துக்குள் ஒழுங்காக வரவே பல காலம் எடுத்தது. 1912 ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளியின் வைத்தியம் தோட்டத்துரையின் பொறுப்பு. அந்தப் பழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை. 1992 இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போன பிறகும், பல டிஸ்பென்சரிகளில் மருந்து கொடுப்பவர் கம்பனியிடம் சம்பளம் வாங்குபவர். 'இவருக்கு ரெண்டு நாள் லீவு வேணும்' என்று துண்டு எழுதுகிற கைக்கும், அந்த லீவால் நட்டப்படுகிற கைக்கும் ஒரே முதலாளி. 2016 ஆம் ஆண்டு தேசிய ஆய்வில், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17 வீதம், தோட்டத்தில் 32 வீதம். இந்த இடைவெளியை விட்டமின் பக்கெட்டால் மட்டும் அடைக்க முடியுமா?

"மிட்வைஃப் அம்மா இதையெல்லாம் பார்க்கிறாங்கதானே" என்பார்கள். பார்க்கிறார்தான். கர்ப்பிணி, கைக்குழந்தை, நிறை, தடுப்பூசி, ஒரு மலை ரெஜிஸ்டர் எல்லாம் அவர் தலையில். குடிகாரப் புருசனின் அடி, அடையாள அட்டை இல்லாத கிழவன், பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளை என்று இவற்றையும் அவர் தலையில் ஏற்றுவது அவருக்குச் செய்கிற அநியாயம்.

"தோட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் இருக்கிறாரே" என்பார்கள். தோட்ட நிர்வாகத்தின் கீழ் இருப்பவர், லயத்துக் கூரையால்தான் இந்தப் பிள்ளைக்கு இழுப்பு வருகிறது என்று நிர்வாகத்துக்கு எதிராக எழுதுவாரா? சமூகப் பணியாளர் யாருடைய ஆள் என்ற கேள்வி அந்தத் தொழிலின் பிறப்பிலேயே இருக்கிறது. 1895 இல் லண்டன் றோயல் ஃப்ரீ ஆஸ்பத்திரி மேரி ஸ்டுவர்ட் என்பவரை வேலைக்கு எடுத்தது, காசு கட்டக்கூடியவர்கள் இலவச வைத்தியம் வாங்குகிறார்களா என்று பார்க்க. காவலுக்கு வைத்தார்கள், வழிகாட்டவும் செய்தார். பத்து வருசம் கழித்து பாஸ்டனில் ரிச்சர்ட் கபட் என்ற டாக்டர், நோயாளியின் வீடும் வேலையும் தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாது என்று கண்டு ஆஸ்பத்திரியில் சமூகப் பணியைத் தொடங்கினார். பிரேசில் 2008 இல் குடும்ப சுகாதாரக் குழுக்களுக்குத் துணையாக அமைத்த அணிகளில் சமூகப் பணியாளருக்கும் இடம் வைத்தது. நம் நாட்டுக்கும் இது புதுசில்லை. சமூகப் பணி படிப்பிக்க 1952 இலேயே நிறுவனம் வந்துவிட்டது. அங்கொடை மனநல வைத்தியசாலையில் சமூகப் பணியாளர்கள் இருக்கிறார்கள். நோயாளியின் வீட்டையும் பார்க்க வேண்டும் என்று அரசுக்குத் தெரியும். லயமும் வீடு என்பதுதான் மறந்துபோகிறது.

"அதுதான் நீங்க இருக்கீங்களே" என்பதுதான் கடைசி வாதம். இதுதான் எங்களுக்குப் பயம். எங்களில் ஒருவன் பதினேழு வயதில் பக்கத்து வீட்டுச் சித்திக்குத் துணையாகப் போனான். மாசக்கணக்கில் இரத்தப்போக்கு. பையனை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? 'வயித்து வலி' என்று மட்டும் சொன்னார். அவனும் அதையே சிங்களத்தில் சொன்னான். வயிற்று வலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பிழை யாருடையது? சித்தியுடையதா, பையனுடையதா? பயிற்சி இல்லாத ஆளை அந்த இடத்தில் நிறுத்தியவர்களுடையது. ரகசியம் காக்கத் தெரிந்த, கேட்கத் தெரிந்த ஒரு பெண் அங்கே இருந்திருக்க வேண்டும்.

கட்டடம் கட்டக் காசு வருகிறது. டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டிய 150 கட்டில் ஆஸ்பத்திரியை 2017 மே மாதம் மோடியே வந்து திறந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கட்டடத்துக்கு நாடா வெட்டலாம், படம் எடுக்கலாம். மழையில் லயத்துக்கு நடந்து வந்து "ஏன் கிளினிக் வரல அக்கா?" என்று கேட்கிற ஒருவருக்கு யார் நாடா வெட்டுவார்கள்?

நாங்கள் கேட்பது இதுதான். தோட்டங்கள் உள்ள ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் நிரந்தரச் சமூகப் பணியாளர் வேண்டும். மூன்று வருசத்தில் முடிந்துபோகிற புரொஜெக்ட் ஆளாக இருக்கக்கூடாது. சம்பளம் அரசாங்கத்திடமிருந்து வர வேண்டும், கம்பனியிடமிருந்து கூடாது. தமிழும் சிங்களமும் பேச வேண்டும். பயிற்சி கொடுத்தால் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளே செய்வார்கள். அவர் எழுதுகிற அறிக்கைக்குப் பலம் வேண்டும். தண்ணீர் கெட்டது என்றால் பி.எச்.ஐயும், கொடுப்பனவு என்றால் பிரதேச செயலகமும், லீவு என்றால் தொழில் திணைக்களமும் பதில் சொல்ல வேண்டும். அந்த அதிகாரம் இல்லாவிட்டால், 'பொறுத்துக்கோங்க அம்மா' என்று ஆறுதல் சொல்ல இன்னொரு ஆளைத்தான் அனுப்புகிறோம். ஆறுதல் சொல்ல எங்களுக்கு ஆள் பஞ்சம் இல்லை.

நாளைக்கும் ஒருவருக்குத் துணையாகப் போகிறோம், கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது. ஆனால் இனி ஒரு கொப்பியும் கொண்டுபோகிறோம். யார் என்ற விபரம் இல்லாமல் தேதி, போன நேரம், வந்த நேரம், இழந்த பேர், செலவான காசு, டாக்டரிடம் சொல்ல முடியாமல் போனது என்ன என்பதை மட்டும் எழுதுவோம். வருசம் முடிய சுகாதாரப் பணிமனையிலும் பிரதேச சபையிலும் வைப்போம். நீங்களும் உங்கள் தோட்டத்தில் ஒரு கொப்பி தொடங்குங்கள்.