"பயப்படாதீங்க" என்பது வைத்தியம் இல்லை

திருநகர் மூணாவது ஸ்டாப்பில் பஸ் ஏறி, பெரியார் நிலையத்தில் மாறி, டவுனில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போகிறார் ஒருவர். தீராத முதுகுவலி. டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்திருக்கிறார். பணம் கட்டியாகிவிட்டது. படுக்கையோடு உள்ளே தள்ளிய அரை நிமிடத்தில், "வெளியே எடுங்க, வெளியே எடுங்க" என்று கத்துகிறார். வெளியே வந்ததும் காதில் விழுவது, "இவ்வளவு பெரிய ஆளா இருந்துக்கிட்டு, சின்னப்புள்ள மாதிரி..."

மதுரை என்றில்லை, எந்த ஊரிலும் நடக்கிற காட்சிதான். தப்பு யார் மேல்? கத்தியவர் மேலா? நிச்சயமாக இல்லை.

அடைபட்ட இடத்தில் வரும் இந்தப் பயத்துக்கு கிளாஸ்ட்ரோஃபோபியா என்று பெயர். இதற்கும் தைரியத்துக்கும் சம்பந்தம் கிடையாது. நடுராத்திரி தனியாக வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவருக்கும் வரலாம். ஆபத்தே இல்லாத இடத்தில் மூளை அபாயச் சங்கு ஊதுகிறது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, வியர்க்கிறது, மூச்சு முட்டுகிறது. அவரிடம் "பயப்படாதீங்க" என்பது, காய்ச்சல்காரரிடம் "உடம்பு சுடக்கூடாது" என்று சொல்வது மாதிரி.

மெஷினும் லேசுப்பட்டது இல்லை. 1977 ஜூலை 3-ல் ரேமண்ட் டமேடியன் குழுவினர் முதன்முதலாக ஒரு மனித உடம்பை எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, ஒரே ஒரு படத்துக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் பிடித்தது. இன்று பெரும்பாலும் அரை மணி, முக்கால் மணியில் முடிகிறது. ஆனால் குழாய் இன்னமும் குழாய்தான். வழக்கமான மெஷினில் அதன் விட்டம் 60 செ.மீ., அதாவது இரண்டே அடி. கொஞ்சம் அகலமான 70 செ.மீ. மெஷின்களும் உண்டு. உள்ளே ரோடு உடைக்கிற மாதிரி சத்தம் வேறு. இதில் அசையாமல் கிடக்க வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? செலவே இல்லாத விஷயங்கள் நிறைய இருக்கின்றன. குழாய் இரண்டு பக்கமும் திறந்துதான் இருக்கும், காற்று வரும், கையில் கொடுக்கும் பந்தை அமுக்கினால் வெளியே எடுத்துவிடுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லலாம். உள்ளே போகும் முன்பே கண்ணை மூடி, மேலே ஒரு துணி போடலாம். முழங்காலுக்கு என்றால் கால் முதலில் போகும், தலை பெரும்பாலும் வெளியேதான் இருக்கும். இதைச் சொன்னாலே பாதி பேருக்கு உயிர் வந்துவிடும். தாலி, மெட்டி, கொலுசு எல்லாம் கழற்ற வேண்டும் என்பதை போனிலேயே சொன்னால், வீட்டிலேயே மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு வருவார்கள். மெஷின் வாசலில் தாலியைக் கழற்றச் சொன்னால் இருக்கிற தைரியமும் போய்விடும்.

காலைப் பிடித்துக்கொள்ள உறவினர் ஒருவரைக் கூட விடலாம். ஆனால் அவரையும் நன்றாகச் சோதித்த பிறகே. 2018 ஜனவரியில் மும்பையில் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போன ஒரு உறவினரைக் காந்தம் இழுத்து, அவர் உயிரே போனது. அந்தக் காந்தம் எந்நேரமும் வேலை செய்துகொண்டே இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு முடியாதவர்களுக்கு மயக்க மருந்து உண்டு. அது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு போவது ஆபத்து. மருந்து எடுத்தவர் அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாது, துணைக்கு ஆள் வேண்டும்.

"வெளியே இருபது பேர் காத்திருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் கதை சொல்ல முடியுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பாதியில் எழுந்து வருகிறவரால் போவது எத்தனை நிமிடம்? உள்ளே நடுங்கி அசைந்து, படம் கலங்கி, திரும்ப எடுப்பதற்கு எத்தனை நிமிடம்? ஐந்து நிமிடப் பேச்சு இதைவிட மலிவு. நேரம் கொடுக்கும்போதே "அடைஞ்ச இடத்துல பயம் உண்டா?" என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான்.

பயப்படுகிறவர்களும் வெட்கப்பட்டு மறைக்கக்கூடாது. எழுதிக் கொடுக்கும் டாக்டரிடமே சொல்லிவிட வேண்டும். வேறு ஸ்கேன் போதுமா என்று கேட்பதிலும் தப்பில்லை. அவமானப்பட்டுத் திரும்புகிறவர் பிறகு ஸ்கேன் பக்கமே போவதில்லை. முதுகுவலி என்றால் வலியோடு போகலாம். கட்டி என்றால்?

திருநகரை அடுத்த தோப்பூரில் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரியில். பெரிய ஆஸ்பத்திரிகள் வரட்டும், நல்லதுதான். ஆனால் எத்தனை கோடி ரூபாய் மெஷின் வந்தாலும், அதில் ஆள் படுக்க முடியவில்லை என்றால் அது வெறும் காந்தம்தான்.