கடிகாரம் யாருக்காக ஓடுகிறது?

என் முனைவர் பட்ட ஆய்வுக்காக அரசு இணையதளங்களில் வெளியாகும் தரவுகளை அன்றாடம் திரட்ட வேண்டியிருக்கிறது. அந்த வேலையை அப்பாச்சி ஏர்ஃப்ளோ என்ற கட்டற்ற மென்பொருள் செய்கிறது. 2014-ல் ஏர்பிஎன்பி நிறுவனத்தில் உருவான கருவி அது. 2025-ல் வந்த அதன் 3.1 பதிப்பில் ‘டெட்லைன் அலர்ட்’ என்றொரு வசதி சேர்ந்தது.

அதை அமைக்க மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எந்த நேரத்திலிருந்து எண்ணுவது? எவ்வளவு அவகாசம்? கெடு தாண்டினால் என்ன செய்வது, யாருக்குச் சொல்வது? வேலை பாதியில் தொங்கிக்கொண்டிருந்தாலும், கெடு தாண்டியதும் தகவல் போய்விடும். வேலை முடியட்டும் என்று அது காத்திருப்பதில்லை.

இதே மூன்று கேள்விகளை நம் மாணவர்களின் கல்வி உதவித்தொகையிடம் கேட்டுப் பாருங்கள்.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் இன்று ஒரு தானியங்கித் தரவு ஓட்டம்தான். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு எல்லாம் போர்ட்டலில் ஏற வேண்டும். கல்லூரி சரிபார்க்க வேண்டும், அதற்கு மேலுள்ள அலுவலகம் ஒப்புதல் தர வேண்டும். 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை மாற்றியமைத்த முறைப்படி, பெரும்பாலான மாநிலங்களில் ஒன்றியத்தின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40. மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகே ஒன்றியத்தின் பங்கு மாணவரின் கணக்குக்கு வரும்.

இந்த ஓட்டத்தில் கண்டிப்பான கெடு மாணவருக்கு மட்டும்தான். கடைசித் தேதி போனால் போர்ட்டல் மூடிவிடும், அந்த ஆண்டுப் பணம் போய்விடும். அதே கோப்பு ஓர் அலுவலகத்தில் நான்கு மாதம் தூங்கினால் எந்த மணியும் அடிப்பதில்லை. ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒற்றை வரியை மாணவர் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விடுதிக் கட்டணத்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும்.

கடிகாரம் இருந்தால் மட்டும் போதுமா? நூறு நாள் வேலையின் கதை வேறு சொல்கிறது. 15 நாளுக்குள் கூலி தர வேண்டும் என்றது 2005-ம் ஆண்டுச் சட்டம். தாமதமானால் நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு இழப்பீடு என்று விதியும் வந்தது. ஆனால் இழப்பீட்டைக் கணக்கிட்ட முறை, பணப் பரிமாற்ற ஆணை உருவானதுமே எண்ணுவதை நிறுத்திக்கொண்டது. அதன்பின் டெல்லியிலிருந்து தொழிலாளியின் கணக்குக்குப் பணம் வந்துசேர ஆன நாட்கள் தாமதமாகவே பதிவாகவில்லை. 2018 மே மாதம், சுவராஜ் அபியான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. கடிகாரத்தை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்பவரே தாமதம் உண்டா இல்லையா என்பதையும் முடிவு செய்கிறார்.

‘நிதி இல்லாததற்கு மென்பொருள் என்ன செய்யும்?’ என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எச்சரிக்கை மணி பணத்தை அச்சடிக்காது. ஆனால் பணம் எந்த மேசையில், எத்தனை நாளாக, யார் கையெழுத்துக்காக நிற்கிறது என்பதைப் பதிவு செய்யும். இன்று தாமதத்துக்குப் பொறுப்பாளியே இல்லை. பொறுப்பாளி இல்லாத தாமதத்தை எதிர்த்து யாரிடம் போராடுவது?

காத்திருக்க வைப்பது சாதியின் பழைய பழக்கம். வாசலுக்கு வெளியே நிற்க வைத்தது, கிணற்றடியில் யாராவது நீர் ஊற்றும்வரை நிற்க வைத்தது. உதவித்தொகையின் காலம் முடிந்ததால் 1917-ல் அண்ணல் அம்பேத்கரே இலண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்ப நேர்ந்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குப் பணம் தாமதமாக வருவதும் வராமலே போவதும் பல நேரங்களில் ஒன்றுதான்.

எனவே நம் கோரிக்கை தெளிவாக இருக்க வேண்டும். மாணவர் விண்ணப்பித்த நாளில் கடிகாரம் தொடங்க வேண்டும், கணக்கில் பணம் ஏறும்போதுதான் நிற்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்குமான அவகாசம் பொதுவில் வெளியாக வேண்டும். கெடு தாண்டினால் மேலதிகாரிக்கும் மாணவருக்கும் ஒரே நேரத்தில் தகவல் போக வேண்டும், இழப்பீடும் சேர வேண்டும்.

இது ஆகாத காரியம் அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இவை இருக்கின்றன. விண்ணப்பம் கிடைத்ததும் எண்ணிக்கை தொடங்குகிறது. 30 நாளில் பதில் இல்லையென்றால் மறுப்பாகக் கருதி மேல்முறையீடு செய்யலாம். நியாயமான காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்க முடியும்.

அந்தச் சட்டத்தையே முதலில் கையில் எடுப்போம், தோழர்களே. உங்கள் கல்லூரியின் உதவித்தொகை விண்ணப்பங்கள் எந்தத் தேதியில் எந்த அலுவலகத்துக்குப் போயின, எந்தத் தேதியில் நகர்ந்தன என்று கேட்டு ஒரு மனு போடுங்கள். பதிலில் வரும் தேதிகளை வரிசையாக எழுதி கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.