தோல் சொல்லும் செய்தி

குறைமாதத்தில் பிறந்த, ஒரு கிலோ எடையுள்ள சிசு ஒன்றை எண்ணிப் பார்ப்போம். அதன் உடலில் ஓடும் இரத்தம் மொத்தமே சுமார் 80 முதல் 100 மில்லி லிட்டர்தான். ஒரு சிறு தம்ளர்கூட நிரம்பாது. செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் அச்சிசுவின் இரத்தத்தில் கரியமில வாயு எவ்வளவு என்று அறிய, திரும்பத் திரும்ப ஊசியால் குத்தி இரத்தம் எடுக்கிறார்கள். வேறு வழியே இல்லையா?

பிராண வாயு சரியாக இருந்தால் போதும் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். 2020இல் கொரோனா வந்தபோது விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரைப் பலரும் அறிந்துகொண்டோம். ஆனால் அது கரியமில வாயுவின் அளவைச் சொல்லாது. அவ்வாயு மிகுந்தாலும் குறைந்தாலும் மூளையின் இரத்த ஓட்டம் மாறும்; பிஞ்சு மூளைக்கு ஊறு நேரலாம்.

தோலின் வழியாகவே அதை அளக்கும் கருவி உண்டு. 1950களில் அமெரிக்க அறிஞர் ரிச்சர்ட் ஸ்டோ வகுத்து, ஜான் செவரிங்ஹாஸ் செம்மைப்படுத்திய மின்முனையே இதற்கு அடிப்படை. தோலில் ஒட்டிய சிறு வில்லை சுமார் 42 டிகிரி வரை இதமாகச் சூடேறும். நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரியும். கரியமில வாயு தோலைக் கடந்து வில்லையிலுள்ள திரவத்தில் கரைந்து அமிலமாகும். அந்த அமிலத்தன்மையை அளந்து, வாயுவின் அளவைக் கருவி இடைவிடாமல் காட்டும்.

"இரத்தப் பரிசோதனையே துல்லியமானது, இக்கருவி எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். இரத்த ஓட்டம் குன்றியவர்களிடம் இது பிழையாகக் காட்டக்கூடும் என்பது உண்மையே. ஆகவே இடையிடையே இரத்தத்தையும் சோதித்து ஒப்பிட வேண்டும். ஆயினும் ஒரு குத்தல் அந்த ஒரு நொடியின் நிலையை மட்டுமே கூறும். இதுவோ இரவு பகலாகக் காவல் இருக்கும். ஊசிக் குத்தல்களும் குறையும். எனவே விலை அதிகம் என்று தள்ளிவிடாமல், சிசுக்களுக்குத் தீவிர சிகிச்சை அளிக்கும் மருத்துவமனைகள் இதை வாங்க வேண்டும் என்பதே நம் கருத்து.

கருவி மட்டும் போதுமா? சில மணி நேரத்துக்கு ஒருமுறை வில்லையை இடம் மாற்றாவிட்டால் மெல்லிய தோல் புண்ணாகிவிடும். அங்கே விழிப்புள்ள செவிலியர் கை வேண்டும். நாளை அக்கை நம்மில் ஒருத்தியின் கையாகவும் இருக்கலாம்.

தோழியரே! ஆண்டுதோறும் குடிலில் பாலன் இயேசுவை வணங்கும் நாம், பேசத் தெரியாத சிசுவின் வலியைச் சிறிதென எண்ணலாமா?